கேலிப்பருக்கு எந்தச் சாயம்? மோட்டார் பிரேக் பாகங்களுக்கு முதன்முறை சாயமடிப்போருக்கு

சுழலும் டிஸ்க் பிளேட்டைப் பேட்களால் அழுத்தி நிறுத்தும் கேலிப்பருக்குச் சாயம் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை டிகிரி சூடு தாங்கும்?" என்பதுதான். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, "பிரேக் ஆயில் பட்டால் நிற்குமா?" கோலாலம்பூர் சாலைகளில் ஓடும் ஒய்15, ஆர்எஸ்150, எல்சி135 மோட்டார்களில் சாயம் கெட்டுப்போன கேலிப்பரை உற்றுப் பாருங்கள். சூட்டில் கருகியது அபூர்வம். ஆயில் ஹோஸ் வந்து சேரும் இடத்தைச் சுற்றியும், காற்றை வெளியேற்றும் பிளீட் நிப்பிளுக்குக் கீழேயும்தான் சாயம் உப்பி, சுருங்கி, தோலாக உரிந்திருக்கும். அது ஆயில் செய்த வேலை.

சூட்டுக் கணக்கு எளிது. டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறிய பிறகு இவை 140, 155 வரை இறங்கிவிடலாம். கேலிப்பரின் உடம்பே 200 டிகிரியைத் தொட்டுவிட்டால், உள்ளே ஈரம் ஏறிய ஆயில் கொதித்து, லீவர் கைப்பிடியில் வந்து ஒட்டி, பிரேக்கே இருக்காது. சாயம் என்ன ஆயிற்று என்று அப்போது யாரும் பார்க்கப் போவதில்லை. டிஸ்க் பிளேட் 300 டிகிரிக்கு மேல் போகலாம், ஆனால் அதன் உராயும் பரப்புக்கு நாம் சாயமடிப்பதில்லை. ஆக, அன்றாட ஓட்டத்துக்கு 150 முதல் 200 டிகிரி வரை தாங்கும் சாயம் போதும். 600 டிகிரி என்று பெரிய எழுத்தில் போட்ட டின்னுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அது நல்லதற்குப் பதில் கெடுதலே செய்யும். ஏன் என்பது கீழே வருகிறது.

எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது

கேலிப்பரின் வெளி உடம்பு, அதைத் தாங்கும் பிராக்கெட், லீவர் பக்கத்தில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்பின் வெளிப்புறம், லீவர் ஆகியவற்றுக்குத் தாராளமாக அடிக்கலாம். டிஸ்க் பிளேட்டின் நடு வட்டம் தனித் துண்டாக இருந்தால் அதற்கும் அடிக்கலாம். ஆனால் நடு வட்டத்தையும் பிளேட்டையும் இணைக்கும் பொத்தான்கள் அசைந்து கொடுக்க வேண்டியவை. அவற்றில் சாயம் புகுந்து இறுகினால் பிளேட் சூடேறும்போது விரிய இடமில்லாமல் நெளியும்.

சாயம் படவே கூடாத இடங்கள்: பேட்டைத் தள்ளும் பிஸ்டன், அது நுழையும் குழி, ரப்பர் சீல் உட்காரும் பள்ளம், பேட் வழுக்கிப் போகும் தடம், கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின், எல்லா மரைகளும், ஹோஸின் போல்ட்டுக்கு அடியில் வாஷர் உட்காரும் முகம், கேலிப்பர் ஃபோர்க்கில் வந்து பொருந்தும் முகம், டிஸ்க் பிளேட் ஹப்பில் உட்காரும் முகம். இந்தப் பொருந்து முகங்களைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். தடித்த சாயத்தின் மேல் போல்ட்டை முறுக்கினால், சில வாரங்களில் சாயம் நசுங்கி ஒதுங்கும். போல்ட் தன் பிடியை இழக்கும். டிஸ்க் பக்கமென்றால் பிளேட் ஒரு மயிரிழை சாய்ந்து உட்கார்ந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லீவர் கையில் துடிக்கும்.

ஈஎக்ஸ்5 மாதிரி முன்னும் பின்னும் டிரம் உள்ள கப்சாய் மோட்டார் வைத்திருப்பவருக்கு வேலை பாதி குறைவு. முன்னால் கேபிள், பின்னால் கம்பி, ஆயிலே கிடையாது. டிரம் மூடித்தட்டின் வெளிப்புறத்துக்கு நல்ல பிரைமரும், மேலே பெட்ரோலுக்கும் மழைக்கும் தாங்கும் சாயமும் இருந்தால் போதும். உட்பக்கத்தையும், கேம் தண்டு சுழலும் துளையையும் மட்டும் மூடிவிடுங்கள். இனி வரும் ஆயில் பேச்சு டிஸ்க் பிரேக்காரர்களுக்கு.

எந்தச் சாயம்

சாதாரண ஸ்ப்ரே டின், அதாவது ஹார்ட்வேர் கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் பைலாக்ஸ் வகை. இதில் உள்ள சாயம் தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது, உள்ளே வேதிமாற்றம் எதுவும் நடப்பதில்லை. தின்னரில் கரைந்த பொருள் மறுபடியும் கரையும். கிளைக்கால் சார்ந்த பிரேக் ஆயிலும் அதைக் கரைத்துவிடும். ஒரு சொட்டு விழுந்து சில நிமிடங்களில் துணியால் துடைத்தால் சாயம் துணியோடு வந்துவிடும். மேலே நிறமில்லாத சாதாரண கிளியர் பூச்சு அடித்தாலும் இதே கதிதான்.

எக்ஸோஸ்ட் குழாய்க்கான அதிசூட்டுச் சாயம். மேலே சொன்ன 600 டிகிரி டின் இதுதான். இதிலுள்ள சிலிக்கோன் பிசின் இறுகுவதற்கே 200 டிகிரி அளவு சூடு வேண்டும். எக்ஸோஸ்டில் அந்தச் சூடு தானாகக் கிடைக்கிறது. கேலிப்பர் அவ்வளவு சூடாவதே இல்லை, ஆகவே சாயம் கடைசி வரை முழுதாக இறுகாமல், நகம் பட்டாலே கீறும் மென்மையோடு கிடக்கும். ஆயிலுக்கு முன் ஒரு நாள் நிற்காது. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

கேலிப்பருக்கென்றே விற்கும் ஸ்ப்ரே. விஎச்டி போன்றவை. இவற்றில் பல, சொன்ன சூட்டில் சொன்ன நேரம் வேகவைத்த பிறகுதான் ஆயிலைத் தாங்கும். டின்னின் முதுகில் உள்ள அந்தப் பத்தியைப் படிக்காமல் அடித்துவிட்டு, மறுநாளே ஆயில் ஊற்றி, "சாயம் போலி" என்று சொல்வோர் உண்டு.

தூரிகையால் பூசும் இரு பாகச் சாயம். ஃபோலியாடெக் வகைப் பெட்டி: ஒரு டப்பா நிறம், சாயத்தை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு குப்பி, ஒரு தூரிகை. கலந்த சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். தூரிகைக் கோடுகள் தானே சமனாகிவிடும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். காற்றில் பறக்கும் தூசிச் சாயம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் காயப்போட்ட துணியும் தப்பிக்கும். நுண்ணிய எழுத்து வேலைப்பாடு உள்ள கேலிப்பரில் மட்டும் எழுத்தின் பள்ளங்களில் தேங்கும். கொஞ்சமாகத் தொட்டுப் பூச வேண்டும்.

2கே யூரித்தேன். சாயமும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகுவது. கார் உடம்புக்கு அடிக்கும் அதே குடும்பம். ஆயில், பெட்ரோல், வெயில் மூன்றையும் இதுதான் நன்றாகத் தாங்குகிறது. இப்போது 2கே ஸ்ப்ரே டின்னாகவே கிடைக்கிறது. அடியில் உள்ள குமிழை அழுத்தினால் உள்ளேயிருக்கும் ஹார்டனர் கலக்கும். கலந்தபின் லேபிளில் உள்ள நேரத்துக்குள், பெரும்பாலும் ஓரிரு நாளில், உள்ளேயே கட்டியாகிவிடும். ஆகவே முன், பின் கேலிப்பர், பிராக்கெட், லீவர் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு ஒரே நாளில் அடிக்க வேண்டும். 400 மி.லி. டின் ஒன்று இவ்வளவுக்கும் தாராளம். நிறத்தை மட்டும் சாதாரண டின்னில் அடித்து, மேலே 2கே கிளியர் போடுவதும் நடைமுறையில் உண்டு. அது கிளியரில் கல் பட்டுச் சிதறும் வரைதான் காப்பாற்றும்.

பவுடர் கோட்டிங். 180 முதல் 200 டிகிரி அடுப்பில் வேகவைப்பது. கல்லடிக்கும் ஆயிலுக்கும் நல்ல பதில். ஆனால் சீல், பிஸ்டன், நிப்பிள் என்று ஒன்றுவிடாமல் கழற்றிக் கொடுக்க வேண்டும், அடைக்க வேண்டிய துளைகளைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பியும் கேட்டும் மட்டுமே செய்து பழகிய கடை, குழிக்குள்ளும் பவுடரை அடித்துத் தரும். ரிம் வேலையும் எஞ்சின் வேலையும் செய்யும் கடையைத் தேடுங்கள்.

வாங்கும் சாயத்தின் மேல் சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். பழைய உடைந்த லீவர் ஒன்றை மோட்டார் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கேலிப்பருக்குச் செய்யப்போகும் எல்லாவற்றையும் அதற்குச் செய்யுங்கள்: தேய்ப்பு, பிரைமர், சாயம், ஏழு நாள் காத்திருப்பு. பிறகு டாட் 4 ஒரு சொட்டு விட்டு, மேலே பாட்டில் மூடியைக் கவிழ்த்து, ஒரு மணி நேரம் விடுங்கள். துடைத்துவிட்டு நகத்தால் அழுத்துங்கள். பளபளப்பு மங்காமல், நகத் தடமும் விழாமல் இருந்தால் கேலிப்பருக்குப் போகலாம். துணியில் நிறம் வந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது டிரம்முக்குத்தான்.

நிறம் உங்கள் விருப்பம். மட் சாயத்தில் பேட் தூசு அப்பிக்கொண்டு சோப்புக்கும் போகாது. பளபளப்பானதை ஒரு ஈரத்துணியால் துடைக்கலாம். தங்க நிறம் அடித்து மேலே பிரெம்போ ஸ்டிக்கர் ஒட்டுவதால் பிரேக் கூடுதலாகப் பிடிக்காது என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

கழற்றுவதா, வேண்டாமா

பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்கத் தெரியாதவர் ஹோஸைக் கழற்ற வேண்டாம். கேலிப்பரை ஃபோர்க்கிலிருந்து மட்டும் கழற்றி, பேட்டை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் பேட் அளவுக்குத் தடித்த மரத்துண்டை வையுங்கள். யாராவது தெரியாமல் லீவரை இழுத்தாலும் பிஸ்டன் வெளியே வந்து விழாது. கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்க விடாதீர்கள். இந்த முறையில் ஹோஸின் போல்ட்டைச் சுற்றி ஒரு விரல் அகலம் சாயம் இல்லாமல் விட வேண்டிவரும். அதற்கு மேல் பெரிய குறையில்லை. தூரிகைச் சாயத்துக்கு இது நன்றாகப் பொருந்தும்.

முழுதாகப் பிரிப்பதானால், ஹோஸைக் கழற்றும் முன்பே, பேட்டை எடுத்துவிட்டு லீவரை மெல்ல மெல்ல அழுத்திப் பிஸ்டனை முக்கால்வாசி வெளியே கொண்டுவந்து விடுங்கள். கழற்றிய பிறகு கம்ப்ரசர் காற்றால் தள்ளினால் பிஸ்டன் துப்பாக்கி ரவை மாதிரி வரும், விரல் போய்விடும். உங்கள் மோட்டாரின் சீல் செட்டையும் ஹோஸ் போல்ட்டுக்கு இரண்டு புது வாஷரையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கழுவுவதும் தேய்ப்பதும்

பேட் தூசியை ஊதாதீர்கள், நனைத்துத் துடைக்கவும். பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரையும், ஆகவே முதல் கழுவலுக்குத் தண்ணீரே சிறந்தது. அடுத்து பிரேக் கிளீனர். பெட்ரோலில் துடைப்பது பழைய பழக்கம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஆயில் ஊறியிருக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் கசிந்து வெளியே வரும், மறுபடி துடைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை பொறுமையாகச் செய்தால்தான் பிறகு மீன்கண் மாதிரி வட்ட வட்டமான குழிகள் விழாது. அதே காரணத்துக்காக, சிலிக்கோன் ஸ்ப்ரே, டயர் பாலிஷ் எதையும் அன்று அந்தப் பக்கம் எடுக்காதீர்கள்.

பழைய சாயம் என்ன வகை என்று அறிய, தின்னர் நனைத்த துணியால் ஓரிடத்தில் தேயுங்கள். நிறம் கரைந்து வந்தால் அதன் மேல் 2கே அடித்தால் சுருங்கிவிடும். முழுவதையும் நீக்க வேண்டும். கரையாமல் உறுதியாக இருந்தால், உரிந்த ஓரங்களை மட்டும் சமன்செய்து, மீதியை 320 மணல்தாளால் பளபளப்பு போகத் தேய்த்தால் போதும். கம்பெனியிலிருந்து அனோடைஸ் செய்து (மின்வழியில் ஆக்சைடு படலம் ஏற்றி) வந்த மேற்பரப்பையும் முழுக்க நீக்க வேண்டாம், அது துருக்காப்பு. சாம்பல் நிற ஸ்காட்ச்பிரைட்டால் தேய்த்து எபாக்சி பிரைமர் போடுங்கள். வெறும் அலுமினியம் என்றால் 180இல் தொடங்கி 320இல் நிறுத்துங்கள். 600, 800 என்று வழவழப்பாக்கினால் பிரைமருக்குப் பிடி இருக்காது.

சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் யோசனை அடிக்கடி காதில் விழும். அது அலுமினியத்தையே தின்றுவிடும், பிஸ்டன் குழியின் அளவே மாறிப்போகும். மணல் வீச்சுக் கடைக்குக் கொடுப்பதானால் எல்லாத் துளையும் அடைபட்டிருக்க வேண்டும். ஆயில் வழியில் தங்கிய ஒரு மணல் பின்னர் சீலைக் கிழிக்கும்.

பிரித்தாகிவிட்டது என்றால் சீல் பள்ளத்தையும் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அங்கே வெள்ளையாகப் பொடி படிந்து, சீலை உள்ளிருந்து தள்ளி, பிஸ்டனை இறுக்கும். பித்தளைக் கம்பி அல்லது மூங்கில் குச்சியால் சுரண்டி எடுங்கள், இரும்பு வேண்டாம்.

கடைசிச் சோதனை: பாகத்தின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அந்த இடத்தில் எண்ணெய் இருக்கிறது. பிறகு காயவைத்து, ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து, வெறுங்கையால் தொடாமல் கையுறையோடு எடுங்கள்.

பிரைமர்

அலுமினியத்துக்குச் சாதாரண சாம்பல் பிரைமர் பிடிக்காது. அமிலத்தால் உலோகத்தை இலேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் அல்லது 2கே எபாக்சி பிரைமர், இரண்டில் ஒன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்காதீர்கள். எட்ச் பிரைமரின் அமிலம் எபாக்சியை இறுகவிடாமல் கெடுக்கக்கூடும். புதியவருக்கு எபாக்சி எளிது. எட்ச் என்றால் அடியில் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவு மெல்லிய ஒரே பூச்சு. தடித்துப் போட்டால் அடுக்காகக் கழன்று வரும். தேய்த்த அன்றே பிரைமர் போட்டுவிட வேண்டும். இரவு விட்டால் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படர்ந்துவிடும். மறுநாள் மறுபடி தேய்க்க வேண்டும். எபாக்சி வெயிலில் வெளுத்து மாவாகும், அதையே மேல்பூச்சாக விட்டுவிடாதீர்கள்.

மறைப்பது

காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் ஹோஸ் துளைக்கும் நிப்பிள் துளைக்கும் அளவெடுத்தாற்போல் பொருந்தும். மரைகளில் பழைய போல்ட்டைப் போட்டு வையுங்கள். பிஸ்டன் குழிக்கு, வட்டமாக வெட்டிய நுரை. தட்டை முகங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஓரத்தைப் பிளேடால் அறுங்கள். மாஸ்டர் பம்பில் ஆயில் அளவு காட்டும் சிறு ஜன்னலை இரண்டடுக்கு மூட வேண்டும். தின்னர் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் வெடிப்பு விடும். லீவரில் சுழலும் துளையும், மாஸ்டர் பம்பின் பிஸ்டனைத் தள்ளும் முனையும் வெறுமையாகவே இருக்கட்டும். அங்கே சாயம் ஏறினால் லீவரின் தளர்வு குறைந்து, பிரேக் எப்போதும் இலேசாகப் பிடித்தபடி ஓடும்.

அடிக்கும் நாள்

கோலாலம்பூரில் சாயத்துக்கு எதிரி ஈரப்பதம். அதிகாலையிலும் மழைக்குப் பிறகும் அது 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, சாயம் பால் மாதிரி வெளுக்கும். காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் மழை மூட்டம் கட்டும் முன் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலை நம்பவே முடியாது. பாகத்தை முடி உலர்த்தும் கருவியால் கைக்கு இளஞ்சூடாக உணரும் அளவு சூடேற்றினால் வெளுப்பு வராது. நேர் வெயிலில் வைத்து அடிப்பதும் தப்பு: மேல்தோல் முதலில் காய்ந்து, அடியில் சிக்கிய தின்னர் ஊசிமுனைக் குமிழாக வெடித்து வரும். காற்றோட்டமுள்ள நிழல்தான் இடம்.

2கே சாயத்தின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. காகித முகக்கவசம் இதற்கு எதுவுமே செய்யாது. ரசாயன ஆவிக்கான கேட்ரிட்ஜ் பூட்டிய ரப்பர் முகமூடி, கண்ணாடி, நைட்ரைல் கையுறை வேண்டும். ஒருமுறை நுரையீரல் இதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா வரும். அடுக்குமாடி நடைபாதையில் 2கே அடிக்கவே கூடாது, உங்களிடம் முகமூடி இருக்கலாம், எதிர்வீட்டுக் குழந்தையிடம் இல்லை.

டின்னை உள்ளே குண்டு உருளத் தொடங்கியபின் முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். பாகத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, பள்ளங்களுக்கும் விளிம்பின் உட்புறத்துக்கும் முதலில் அடியுங்கள். முதல் பூச்சு வெறும் தூறல். அடியில் பிரைமர் தெரிய வேண்டும். பத்து நிமிடம் விட்டு நனைந்த பூச்சு ஒன்று, இன்னொரு பத்து நிமிடத்தில் இரண்டாவது. அவ்வளவுதான். இன்னும் ஒரு பூச்சு போட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், பெரும்பாலான வழிசல்கள் அந்த ஒரு பூச்சில்தான் வருகின்றன. சாயம் இன்னும் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே, அரை மணி நேரத்துக்குள், டேப்பை எடுங்கள். காய்ந்தபின் எடுத்தால் ஓரம் கிழிந்து வரும்.

இறுகுவதும் பூட்டுவதும்

ஒரு மணி நேரத்தில் தொடலாம், ஒரு நாளில் கையாளலாம். ஆயிலைத் தாங்கும் உறுதி வர நம் வெப்பநிலையில் ஒரு வாரம் ஆகும். அவசரமென்றால் 60 முதல் 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வேகவைக்கலாம், சமையலறை அடுப்பில் அல்ல. சாயத்துக்கென்றே ஒதுக்கிய பழைய டோஸ்டர் அடுப்பில், வீட்டுக்கு வெளியே. அதன் திருகில் எழுதிய எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள்.

பூட்டும் முன் பேட்டைத் தடத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். விரலால் தள்ளினால் ஓட வேண்டும். இறுகினால் அங்கே சாயம் இருக்கிறது, சுரண்டுங்கள். புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போடுங்கள். ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கோன் கிரீஸ். சாதாரண மஞ்சள் கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பேட்டில் சாயத் தூசு பட்டிருந்தால் புது பேட் வாங்குவதே மேல். ஹோஸ் போல்ட்டும் கேலிப்பர் போல்ட்டும் பல சிறு மோட்டார்களில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் எல்லைக்குள் இருக்கும், உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி. பிளீட் நிப்பிளுக்கு அதில் கால்வாசிகூடத் தேவையில்லை. பலம் காட்டினால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும்.

சென்ற ஆண்டு திறந்த ஆயில் போத்தலை எடுக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள். ஊற்றும்போது மாஸ்டர் பம்பைச் சுற்றி ஈரத்துணி கட்டி வையுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். நல்ல 2கே சாயம்கூட ஆயில் தேங்கி நின்றால் மெல்ல மெத்தென்று ஆகும், சிந்திய உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காற்று எடுத்து முடிந்ததும் ஹோஸ் போல்ட்டைச் சுற்றி டிஷ்யூ தாளைச் சுற்றி, லீவரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்; தாளில் ஈரம் தெரிந்தால் வாஷர் உட்காரவில்லை. மோட்டாரை நகர்த்தும் முன் லீவர் கெட்டியாகும்வரை பம்ப் அடியுங்கள். பேட்டைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறீர்கள், முதல் அழுத்தலில் பிரேக் இருக்காது. பிறகு வீட்டுப் பின்சந்தில் நடை வேகத்தில் நாலைந்து முறை பிடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய சாலைக்குப் போங்கள். இரண்டு நாள் கழித்து அதே போல்ட்களை, முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்சால் இன்னொரு முறை பாருங்கள்.